விநாடிக்கு 3,500 பற்கள்

கோவில்பட்டியில் செய்த தீப்பெட்டி ஒன்றைத் திறந்து ஒரு குச்சியை எடுத்துப் பாருங்கள். சுமார் 2 மில்லிமீட்டர் தடிப்பு, நேரான நான்கு பக்கங்கள். அந்த நான்கில் ஒன்றில்கூட ரம்பம் பட்டதில்லை. மென்மரத் தடியைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, அதன்மேல் நீளக் கத்தியை அழுத்தி, மரத்தை மெல்லிய ஏடாக உரித்தெடுக்கிறார்கள். பிறகு அந்த ஏடுகளை அடுக்கி, இன்னொரு கத்தியால் குச்சிகளாக நறுக்குகிறார்கள். ஏன் அறுப்பதில்லை? ரம்பம் தான் போகும் வழியில் இருக்கும் மரத்தையெல்லாம் தூளாக்கிவிடும். வட்ட ரம்பம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு மரத்தைத் தின்னும். அதை வைத்துக்கொண்டு 2 மில்லிமீட்டர் குச்சி செய்யப் புறப்பட்டால், குச்சியாவதைவிடத் தூளாவதுதான் அதிகமாக இருக்கும்.

ஆனால் தச்சுவேலை முழுவதையும் உரித்தே செய்துவிட முடியாது. எட்டயபுரத்தைச் சுற்றியுள்ள கரிசல் காட்டில் பெருமரங்கள் குறைவு. கருவேலம், வேம்பு, பூவரசு, உடை, பனை என்று கிடைப்பதை வைத்துத்தான் ஏரும் வண்டியும் கதவும் நிலையும் செய்து வந்திருக்கிறார்கள். இங்கே வீட்டுப் பின்கட்டில் சிறு பட்டறை போட்டு, தானே நாற்காலியோ பிள்ளைகளுக்கு விளையாட்டு வண்டியோ செய்ய விரும்பும் ஒருவருக்கு, மரத்தை வீணாக்காத ரம்பம் வேண்டும். அதாவது மெல்லிய ரம்பம். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. மெல்லிய இரும்புத் தகட்டைப் பிடித்துத் தள்ளினால் நெளியும். இரண்டு முனைகளையும் பிடித்து இழுத்தால் நேராக நிற்கும். எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கிற ஒரு ரம்பத்தைச் செய்ய முடிந்தால்?

அப்படிச் செய்ததுதான் நாடாவாள். வாள்பட்டறைகளிலும் மரக்கடைகளிலும் இதை ‘பேண்ட் சா’ என்பார்கள். பல் வெட்டிய நீண்ட எஃகு நாடாவின் இரு முனைகளையும் பற்றவைத்து ஒரு வளையமாக்கி, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இருக்கும் இரண்டு சக்கரங்களில் மாட்டிவிடுவார்கள். கீழ்ச்சக்கரத்தை மோட்டார் சுற்றும். நடுவில் இருக்கும் மேசையைத் துளைத்துக்கொண்டு நாடா ஓயாமல் கீழ்நோக்கி ஓடும். வீட்டுப் பட்டறைகளுக்கான நடுத்தர இயந்திரத்தில் சக்கரத்தின் விட்டம் 14 அங்குலம், நாடாவின் மொத்த நீளம் ஏறக்குறைய 2.4 மீட்டர், தடிப்பு 0.6 மில்லிமீட்டர். அது மரத்தில் விடும் தடம் சுமார் 1 மில்லிமீட்டர்தான். 25 மில்லிமீட்டர் தடித்த பலகையை 3 மில்லிமீட்டர் தகடுகளாக அறுப்பதாக வைத்துக்கொள்வோம். வட்ட ரம்பத்தில் நான்கு தகடுகள் தேறும். நாடாவாளில் ஆறு தேறும்.

யோசனை எளிமையானது. அதைச் செய்து காட்டத்தான் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின. இங்கிலாந்தின் வில்லியம் நியூபெரி 1809-லேயே நாடாவாளுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் சக்கரத்தில் திரும்பத் திரும்ப வளைந்து நிமிர்ந்ததில் நாடா முறிந்தது. இல்லையென்றால் ஒட்டுப்போட்ட இடம் விட்டுப்போனது. பிரான்ஸைச் சேர்ந்த ஆன் போலின் கிரெப்பேன் என்ற பெண்மணி, அந்த ஒட்டு தாங்கும்படி பற்றவைக்கும் முறையைக் கண்டுபிடித்து 1846-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பாரிஸின் பெரேன் நிறுவனம் அந்த உரிமையை விலைக்கு வாங்கி, நல்ல எஃகையும் பதப்படுத்தும் நுட்பத்தையும் அதோடு சேர்த்தது. நாடாவாள் உண்மையில் ஓடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இயந்திரத்தின் மொத்தக் கதையும் ஒரு விரற்கடை ஒட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஒட்டு என்ன பாடுபடுகிறது என்று கணக்குப் போட்டால் வியப்பு இன்னும் கூடும். நாடா விநாடிக்கு ஏறக்குறைய 15 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 54 கிலோமீட்டர். இயந்திரத்தை ஒரு மணி நேரம் ஓடவிட்டால், எட்டயபுரத்திலிருந்து தூத்துக்குடி வரை போகும் தூரத்தை நாடா நின்ற இடத்திலேயே ஓடி முடித்துவிடும். ஒரு விநாடியில் அது ஆறு முறைக்கு மேல் முழுச் சுற்று வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மேல்சக்கரத்தில் ஒரு முறை, கீழ்ச்சக்கரத்தில் ஒரு முறை என வளைந்து நிமிர்கிறது. ஒரு மணி நேரத்தில் இது 45,000 வளைவுகள். கம்பியை நாலைந்து முறை அப்படியும் இப்படியும் மடக்கினாலே முறித்துவிடுகிறோம். நாடா தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் அதன் மெலிவு. தகடு எவ்வளவு மெல்லியதோ, வளையும்போது அதன் மேற்பரப்பு அவ்வளவு குறைவாகவே நீள வேண்டியிருக்கும்.

நாடாவை நிமிர்த்தி வைக்க எவ்வளவு இழுவை வேண்டும்? குறுக்குவெட்டில் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் சுமார் 10 கிலோ. 12 மில்லிமீட்டர் அகல நாடாவில் இது ஒரு பக்கத்துக்கு 70 கிலோ. இரண்டு பக்கங்களும் சேர்ந்து மேல்சக்கரத்தைக் கீழே இழுப்பது 140 கிலோ. கிட்டத்தட்ட மூன்று மூட்டை சிமென்டின் எடை. ஆனால் ஆச்சரியம் இதுவல்ல. 14 அங்குலச் சக்கரத்தைச் சுற்றி வளைவதால் மட்டுமே நாடாவின் வெளிப்பரப்பில் சதுர மில்லிமீட்டருக்கு 30 கிலோவுக்கு மேல் கூடுதல் இழுவிசை ஏறுகிறது. நாம் திருகி ஏற்றும் இழுவையைப்போல் மூன்று மடங்கு! நாடாவை அதிகம் வாட்டுவது மரமோ நாம் ஏற்றும் இழுவையோ அல்ல, சக்கரத்தின் வளைவுதான். அதனால்தான் சிறிய சக்கரத்தில் தடித்த நாடாவை மாட்டக்கூடாது என்கிறார்கள். நாடாவுக்கு ஆயுள் உண்டு, ஒரு நாள் அது அறுந்தே தீரும் என்பதும் இதனால்தான்.

அறுவதற்கு முன் நாடா சொல்லிவிட்டுப் போவது உண்டு. பற்களுக்கு இடையில் உள்ள குழியின் அடியில் முதலில் நுண்ணிய விரிசல் விழும். விரிசல் விழுந்த இடம் நாடாவின் முதுகைத் தாங்கும் பேரிங்கைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ‘டிக், டிக்’ என்று சீரான ஒலி எழலாம். அந்த ஒலி கேட்டால் உடனே ஸ்விட்சை அணைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். அறுந்தே போனாலும் சக்கரங்களை மூடியிருக்கும் கதவுகள் நாடாவின் பெரும்பகுதியை உள்ளேயே அடக்கிவிடும். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஒருபோதும் ஓட்டாதீர்கள் என்பது இதற்காகத்தான். தாங்கும் தூண் நமக்கு இடப்பக்கம் இருக்கும் வழக்கமான அமைப்பில், அறுந்த நாடா வலப்பக்கம் தெறிக்க இடமுண்டு. வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளையும் பக்கத்து வீட்டுக்காரரையும் அந்தப் பக்கம் நிற்கவிடக்கூடாது.

இவ்வளவு வேகத்தில் ஓடும் நாடா சக்கரத்தை விட்டு ஏன் நழுவுவதில்லை? பல இயந்திரங்களின் சக்கரத்தில் நாடாவைத் தடுத்து நிறுத்த விளிம்பே கிடையாது. இருப்பது மேலே ஒட்டிய ரப்பர் பட்டை மட்டும். அந்தப் பட்டையைத் தடவிப் பார்த்தால் நடுப்பகுதி சற்றே மேடாக இருப்பது தெரியும். மேட்டில் போட்டது சரிந்து விழும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். நடப்பது நேர்மாறானது. நாடா சரிவில் படிந்தால், அந்தச் சரிவோடு சேர்ந்து இலேசாகத் திரும்பி, மேட்டை நோக்கிச் சாய்கிறது. சாய்ந்த நாடாவின் அடுத்த பகுதி சக்கரத்தைத் தொடும்போது இன்னும் கொஞ்சம் மேலே படிகிறது. சில சுற்றுகளிலேயே அது உச்சிக்கு ஏறி அங்கேயே நிலைத்துவிடுகிறது. யாரும் பிடித்து வைக்காமலே நாடா தன் வழியைத் தானே கண்டுபிடிக்கிறது. மேல்சக்கரத்தைச் சற்று முன்னோ பின்னோ சாய்க்கும் திருகு, இந்த இடத்தை நுட்பமாகச் சரிசெய்வதற்கு. அதைச் சரிசெய்யும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும்.

நாடா மெல்லியது என்பதால் மரம் அதைப் பின்னால் தள்ளும். அதைத் தாங்க மேசைக்கு மேலும் கீழும் ‘கைடு’ என்ற தாங்கிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நாடாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு பேரிங், இரு பக்கமும் ஒவ்வொரு காவல். அறுக்காமல் வெறுமனே ஓடும்போது இவற்றில் எதுவும் நாடாவைத் தொடக்கூடாது. ஒரு தாள் நுழையும் இடைவெளி போதும். பக்கக் காவல்கள் பற்குழிகளுக்குப் பின்னால் நிற்க வேண்டும். பல்லில் உரசினால் கூர் போய்விடும். இதில் மேல் கைடுதான் நம் உயிர்த்தோழன். அதை மரத்துக்கு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் மேலே வரை இறக்கிவிடுங்கள். தாங்கல் இல்லாத நாடாவின் நீளம் குறைவதால் அது விறைப்பாக நின்று நேராக அறுக்கும். அதே அசைவில், திறந்து கிடக்கும் பற்களும் உறைக்குள் மறைந்துவிடும். நல்ல வேலையும் பாதுகாப்பும் ஒரே திருகில் கிடைக்கின்றன.

பற்களை ஏன் அவ்வளவு அஞ்ச வேண்டும்? அங்குலத்துக்கு ஆறு பல் உள்ள நாடாவில், ஒரே இடத்தை விநாடிக்கு 3,500 பற்கள் கடக்கின்றன. ஆபத்தைக் கண்டு மனிதக் கை விலகத் தொடங்க ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். அதற்குள் 700 பற்கள் கடந்துபோய்விடும். சுதாரித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமே இல்லை. கை எங்கே இருக்க வேண்டும் என்பதை அறுக்கத் தொடங்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். நாடாவின் நேர்ப்பாதையில் விரலோ கட்டைவிரலோ இருக்கக்கூடாது. கையை நாடாவிலிருந்து குறைந்தது 8 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். அதைவிட நெருங்க வேண்டிய சின்னத் துண்டை ஒரு தள்ளுகட்டையால் நகர்த்துங்கள். அறுப்பு முடியும் தறுவாயில் இன்னும் கவனம் வேண்டும். மரத்தின் எதிர்ப்பு சட்டென்று மறையும்போது, அழுத்திக்கொண்டிருந்த கை தன்னையறியாமல் முன்னால் பாயும்.

இருந்தும் மேசை வட்ட ரம்பத்தைவிட நாடாவாளைத் தச்சர்கள் சாதுவானது என்கிறார்கள். காரணம் பல்லின் திசையில் இருக்கிறது. வட்ட ரம்பத்தின் பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழும்பி வருகின்றன. மரம் அவற்றில் சிக்கினால் அறுப்பவரை நோக்கியே எறியப்படும். நாடாவாளின் பல்லோ எப்போதும் கீழ்நோக்கியே போகிறது. வெட்டும் விசை மரத்தை மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் இந்த நன்மை தட்டையான மரத்துக்கு மட்டுமே. உருண்டையான கருவேலங்கிளையை அப்படியே வைத்தால், அதன் அடிப்பாகம் மேசையைத் தொடுவது ஒரே கோட்டில்தான். நாடா பிடித்துக் கீழே இழுத்ததும் கிளை உருண்டு, கையையும் இழுத்துக்கொண்டு போய்விடும். குறுக்கே அறுக்க, நடுவில் பள்ளம் வெட்டிய கட்டையில் கிளையைப் பதித்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் பிளக்க, ஒரு பலகையில் திருகாணி போட்டு அதைப் பூட்டிக்கொள்ளுங்கள். உருண்டைமரத்தில் வெறும் கையை நம்பக்கூடாது.

நாடாவாள் வளைந்து அறுப்பது இன்னொரு அதிசயம். நேரான எஃகுப் பட்டை எப்படித் திரும்புகிறது? பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சாய்த்திருப்பார்கள். அதனால் அறுத்த தடம் நாடாவின் தடிப்பைவிட அகலமாகிறது. அந்தக் கூடுதல் இடத்துக்குள் நாடா கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொள்கிறது. 6 மில்லிமீட்டர் அகல நாடா சுமார் 16 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்பும். 12 மில்லிமீட்டர் நாடாவுக்கு 6 சென்டிமீட்டருக்கு மேல் ஆரம் வேண்டும். அதற்கும் குறுகலாக வளைக்க முயன்றால் நாடா முறுக்கிக்கொள்ளும். வளைவின் பாதியில் மாட்டிக்கொண்டு, ஓடும் நாடாவிலிருந்து மரத்தைப் பின்னுக்கு இழுத்தால் நாடா சக்கரத்திலிருந்தே கழன்று வரும். ஆகவே குறுகிய வளைவுக்கு முன்கூட்டியே ஓரத்திலிருந்து சில நேர்வெட்டுகள் போட்டுவைப்பார்கள். வளைவில் போகும்போது கழிவுத் துண்டுகள் அங்கங்கே தாமாக விழுந்து, நாடாவுக்கு இடம் விடும்.

பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் உள்ள குழியை வெற்றிடம் என்று நினைத்துவிட வேண்டாம். பல் சீவிய தூளை, நாடா மரத்தை விட்டு வெளியே வரும்வரை சுமந்து செல்லும் கூடை அது. கெட்டியாக இருந்த மரம் தூளானதும் பல மடங்கு இடம் கேட்கும். தடித்த மரத்தில் குழி பாதிவழியிலேயே நிரம்பிவிட்டால், அதற்குமேல் பல் வெட்டாது, உரசிச் சூடேறும். நாடா வில்லாக வளைந்து, பலகையின் நடுவயிறு புடைத்துக்கொண்டு வரும். அதனால்தான் 15 சென்டிமீட்டர் தடித்த மரத்துக்கு அங்குலத்துக்கு மூன்று பல் உள்ள நாடாவையும், மெல்லிய தகட்டுக்கு நெருக்கமான பல் உள்ளதையும் மாட்டுகிறார்கள். எந்த மரமானாலும் தடிப்புக்குள் குறைந்தது மூன்று பற்களாவது இருக்க வேண்டும். மரத்தைத் தள்ள நெஞ்சைக் கொடுக்க வேண்டியிருந்தால், உங்கள் பலத்தில் குறையில்லை. நாடா மழுங்கிவிட்டது, அல்லது பொருந்தாத நாடாவை மாட்டியிருக்கிறீர்கள்.

கரிசல் பூமியின் மரங்கள் நாடாவுக்குத் தனித்தனிப் பரீட்சை வைக்கின்றன. கருவேலம் கனத்த, இறுகிய மரம். பொறுமையாகத்தான் நகர்த்த வேண்டும். பனையில் ஆண்டுவளையமே கிடையாது. கறுத்த வலிய நார்கள் வெளிப்புறத்தில் நெருங்கியும், உள்ளே சோற்றுப்பகுதி மென்மையாகவும் இருக்கும். ஒரே அறுப்பில் எதிர்ப்பு சட்டென்று கூடிச் சட்டென்று குறையும். பனை வகை மரங்களின் திசுவில் மணலின் பொருளான சிலிக்காவும் துகள்துகளாக இருப்பதால், கூர் சீக்கிரம் மழுங்கும். கோடை வெயிலில் தடியின் மேற்பகுதி உட்பகுதியைவிட வேகமாகக் காய்ந்து சுருங்குகிறது. அப்படி மரத்துக்குள் பூட்டிக்கிடக்கும் விசை அறுக்கும்போது அவிழ்ந்து, பின்னால் தடத்தை இறுக்கி நாடாவைக் கவ்விவிடும். அப்போது மோட்டாரை அணைத்து, நாடா நின்றபின் தடத்தில் ஓர் ஆப்பைச் செருகினால் போதும். பழைய வண்டிச் சட்டத்தையோ கதவு நிலையையோ அறுக்க எடுத்தால், முதலில் ஒரு காந்தத்தை நெடுக ஓட்டி, புதைந்திருக்கும் ஆணிகளைத் தேடுங்கள்.

மின்சாரத்திலும் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. அறுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. ஸ்விட்சை அணைக்க மறந்து மேசைமேல் கிடக்கும் துண்டுகளைப் பொறுக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஸ்விட்சாக இருந்தால், கரண்ட் வந்த கணமே நாடா ஓடத் தொடங்கும். இதற்காகவே உள்ளே மின்காந்தம் வைத்த ஸ்விட்ச் இருக்கிறது. கரண்ட் போனதும் காந்தம் பிடியை விட்டுவிடும். மறுபடி நம் விரல் அழுத்தினால்தான் இயந்திரம் ஓடும். அணைத்த பிறகும் கனத்த சக்கரங்கள் சில விநாடிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். சத்தம் அடங்கிய நாடா நின்றுவிட்டதாகக் கண்ணுக்குத் தோன்றும். இரண்டு சக்கரங்களும் உண்மையிலேயே நின்ற பிறகுதான் கையை அருகே கொண்டுபோக வேண்டும்.

கண்ணில் படாத ஆபத்து தூள். நாடாவாள் விடும் தூளில் மிக நுண்ணிய பகுதி காற்றில் மிதந்து மூச்சோடு போகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் தொகுதியில் 1995-இலேயே சேர்த்துவிட்டது. பொருத்தமான முகக்கவசமும், இயந்திரத்தின் அடியில் தூளை உறிஞ்சும் குழாயும் வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான். வேட்டி, தோளில் துண்டு, தொங்கும் முந்தானை, அவிழ்ந்த கூந்தல் எதுவும் கூடாது. கீழ்நோக்கியே ஓடும் நாடா, பிடித்த நூலை விடாமல் மேசைத் துளை வழியாகச் சக்கரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். கையுறையும் இதே காரணத்தால் தடை. பல்லில் சிக்கும் ஒரு நூலிழை, வெறும் கையாயிருந்தால் தப்பியிருக்கக்கூடிய விரலையும் சேர்த்து இழுத்துவிடும்.

ஆனால் நாடாவைக் கழற்றும்போது இதே கையுறை கட்டாயம். பிளக்கைப் பிடுங்கி, இழுவையைத் தளர்த்தி வெளியே எடுத்த 2.4 மீட்டர் எஃகு வளையம், விரிந்து துள்ளக் காத்திருக்கும் வில். அதை எதிர்ப்புறங்களில் பிடித்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, கைகளை ஒன்றுக்கொன்று எதிராகத் திருப்பினால், அது தானே சுருண்டு 25 சென்டிமீட்டர் அகலமுள்ள மூன்று அடுக்கு வளையமாக மடிந்துவிடும். இரண்டும் அல்ல, நான்கும் அல்ல, மூன்று! இப்போது பல் ஓடவில்லை. இழுத்துக்கொண்டு போகாது, கீறத்தான் செய்யும். ஓடும்போது கையுறை ஆபத்து, ஓடாதபோது அதுவே காவல். காரணம் தெரியாதவருக்கு இவை முரண்பட்ட இரண்டு விதிகளாகத் தோன்றி, ஒரு நாள் மாறிப்போகும். நாடா எப்படி ஓடுகிறது, எங்கே வளைகிறது, எதை இழுக்கிறது என்று அறிந்தவர், சுவரில் ஒட்டிய பட்டியலில் இல்லாத நிலைமை வந்தாலும் தன் கையை எங்கே வைக்க வேண்டும் என்று தானே கண்டுபிடித்துக்கொள்வார். புதிய இயந்திரத்தை வாங்கியவர்கள் முதல் நாள் மரத்தையே எடுக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கதவுகளைத் திறந்து, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுழற்றி, நாடா மேட்டில் ஏறி நிற்பதையும் கைடுகளைக் கடப்பதையும் ஆற அமரப் பாருங்கள். முதல் பாடம் அங்கே தொடங்கட்டும்.